பட்டறைக் கப்போர்டு வீட்டுக்கு வருகிறது: எண்ணெயா, எனாமலா, பவுடர் கோட்டிங்கா?

லேத் பட்டறையை மூடும்போது மிஷின்கள் முதலில் விலைபோய்விடும். மோட்டார், சாணை, வைஸ் எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிடுவார்கள். கடைசியில் சுவரோரம் மிஞ்சி நிற்பது ஆளுயர இரும்புக் கப்போர்டுதான். அதைக் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் மட்டுமே கேட்பார். 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையிலும், அதற்குப் பின் வந்த அம்பத்தூரிலும், கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துச் சந்துகளிலும் இப்படி நிற்பவை நிறைய. அப்பா காலத்துச் சாமான் என்று விட மனமில்லாதவர்கள் ஒரு பக்கம். பிளைவுட் அலமாரியின் விலையைக் கேட்டுவிட்டு இதைத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு தரப்பும் முதலில் கேட்பது என்ன கலர் அடிக்கலாம் என்றுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. தகடு எவ்வளவு கனம், உடம்பை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், வீட்டில் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால், எதை அடிப்பது என்பது முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா

தகட்டின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் பாருங்கள். தட்டின் மடிப்பில்லாத ஓரம் எங்காவது கிடைக்கும். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. பழைய பெயின்ட் இரண்டு மூன்று கோட் இருந்தால் அந்தக் கனமும் அளவில் சேர்ந்துவிடும். ஓரிடத்தில் சுரண்டிவிட்டு அளப்பது நல்லது.

எடையை வைத்தும் ஊகிக்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 7.85 கிலோ இருக்கும். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நான்கு தட்டு என்ற அளவில் ஒரு கப்போர்டுக்குச் சுமார் 8 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். 20 கேஜில் அது 56 கிலோ. 18 கேஜில் 75. மடிப்பு, கால், பூட்டுக் கம்பி எல்லாம் அதற்கு மேல். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது திணறினால் அது நல்ல அறிகுறி. ஒரே ஆள் சாய்த்து இழுத்துக்கொண்டு போகிறார் என்றால் தகடு மெல்லியது. அதற்குச் செலவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

அடுத்தது துரு. பட்டறைக் கப்போர்டில் துரு ஒரே சீராக இருக்காது. எண்ணெயும் கிரீஸும் ஊறிய உள்தட்டு புத்தம்புதிதாக இருக்கும். ஓதமடித்த சுவரைப் பார்த்து நின்ற முதுகுத் தகடும், தரையைக் கழுவும் தண்ணீர் பட்ட அடிப்பாகமும் அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அடியில் குத்திப் பாருங்கள். செதில் உதிர்ந்து உள்ளே உறுதியான இரும்பு தட்டுப்பட்டால் பிரச்சினை இல்லை. முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அடியில் ஒரு முழம் அளவுக்கு என்றால் செய்யலாம். முதுகு முழுக்கப் பொத்தல் என்றால் கிலோ கணக்குக்காரரை மறுபடி கூப்பிடுவதே மேல்.

கனமும் துருவும் எப்படி இருந்தாலும் சரி, ஒருவகைக் கப்போர்டை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பேன். முலாம் பூசும் பட்டறையில் ரசாயனம் வைத்திருந்தது, பேட்டரி அறையில் ஆசிட் கேன் நின்றது, பூச்சி மருந்து அடுக்கியிருந்தது. சயனைடு உப்பும் குரோமிக் அமிலமும் புழங்கிய மடிப்புகளை வீட்டில் வைத்துக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. என்ன வைத்திருந்தார்கள் என்று விற்பவரிடம் கேட்பது விலையைக் கேட்பதைவிட முக்கியம்.

பழைய பெயின்டில் உள்ள ஈயம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் வீட்டுப் பெயின்டிலும் அலங்காரப் பெயின்டிலும் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. ஆகவே பட்டறையிலிருந்து வரும் பழைய கப்போர்டின் பெயின்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களிலும், அடியில் பூசிய செந்தூர நிற ரெட் லெட் பிரைமரிலும் சந்தேகம் இன்னும் கூடுதல்.

கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி மொட்டைமாடியில் பெயின்டைப் பறக்கவிடுகிற வீடியோக்களைப் பார்த்து யாரும் இறங்க வேண்டாம். அந்தத் தூள் குழந்தைகளின் உடலுக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். சேறாக வருவதைத் துணியால் வழித்துக் கட்டித் தனியே போட்டுவிடலாம். பெயின்ட் ரிமூவர் என்றால் வெட்டவெளியில், கையுறையோடு. வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரையும் இதே கட்டுப்பாட்டோடுதான் கையாள வேண்டும்.

பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் முழுவதையும் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. உரிகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற இடங்களை நீரில் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் போக்கி, மேலே புதிதாக அடித்து மூடிவிடுவது பாதுகாப்பானது, உழைப்பும் பாதி. இதற்கு இடம் கொடுப்பது கை எனாமல்தான். பவுடர் கோட்டிங்குக்கு எல்லாமே போய் வெறும் இரும்பு தெரிந்தாக வேண்டும். விலைப்பட்டியலில் வராத பெரிய வித்தியாசம் இது.

அப்படியே விடுவது

பழைய சாம்பல் பெயின்ட், தேய்ந்த கைப்பிடி, சாக்பீஸில் எழுதிய டிரில் அளவு, எல்லாவற்றோடும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இப்போது அதிகம். மண்ணெண்ணெயில் கிரீஸைக் கரைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மெழுகோ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ தேய்த்துத் துடைத்தால் போதும். செலவு மிகக் குறைவு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்குப் போகலாம்.

இன்னொரு ஆசை, பெயின்டை முழுவதும் உரித்துவிட்டு வெள்ளி நிற இரும்பாக மின்ன வைத்து மேலே கிளியர் லேக்கர் அடிப்பது. படம் எடுத்தால் இதைவிட அழகானது இல்லை. கோவை, ஈரோடு போன்ற உள்மாவட்டங்களில், சமையலறையிலிருந்து தள்ளி, ஹாலில் நின்றால் தாங்கலாம். சென்னை, கடலூர், தூத்துக்குடியில் வேண்டாம். நிறமில்லாத லேக்கரில் துருவைத் தடுக்கும் சரக்கு கிடையாது. ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக் காற்று உள்ளே போய் லேக்கருக்கு அடியில் நூல் நூலாகத் துரு ஓடும். அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி உரிக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டு வழியிலும் துணிமணி வைக்க முடியாது. மெழுகு ஒட்டும், எண்ணெய் வாடை ஏறும். கருவிகள், தோட்டச் சாமான், செடித் தொட்டி, பழைய பித்தளைப் பாத்திரம் என்றால் சரி. ஈயம் இருக்கலாம் என்கிற பழைய பெயின்டை அப்படியே விட்டால், குழந்தைகள் கை படும் இடத்தில் அந்தக் கப்போர்டுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையால் எனாமல்

அழகில் இது இரண்டாமிடம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கணக்கு எளிது. மேலே சொன்ன கப்போர்டுக்கு உள்ளும் புறமும் சேர்த்து 16 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் போகும் என்று வைத்தால், கோட்டுக்கு ஒன்றரை லிட்டர். ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எனாமல் என்றால் ஒன்றரை லிட்டர் ரெட் ஆக்ஸைடும் மூன்று லிட்டர் எனாமலும். மிச்சம் இருப்பது டர்பன்டைன், பிரஷ், உப்புத்தாள், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்.

ரெட் ஆக்ஸைடு பிரைமரின் சிவப்பு இரும்பு ஆக்ஸைடின் சிவப்பு. ரெட் லெட் போல ஈயம் இல்லை. கடையில் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கிடைத்தால் கடலோர வீடுகளுக்கு அதையே வாங்குங்கள், துருவைத் தடுப்பதில் அது ஒரு படி மேல். குழிகளில் தங்கிவிட்ட துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் தடவினால் துரு கறுத்து இறுகிவிடும். உதிரும் செதிலின் மேல் அதைத் தடவிப் பயனில்லை. செதிலைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் மருந்து.

சுத்தம் செய்த அன்றே பிரைமர் ஏறிவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவு நின்றால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் இந்த வேலையைத் தொட வேண்டாம். மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டால் கோட்டுக்குக் கோட் நன்றாகக் காயும். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரே இரவில் காய்ந்தாலும் எனாமல் உள்ளே இறுகுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் புத்தகத்தை அடுக்கினால் அட்டை பெயின்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.

நிறம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உள்பக்கத்துக்கு வெள்ளை எனாமல் அடிப்பது வழக்கம், வெளிச்சமாக இருக்கும் என்று. வெயில் படாத இருட்டில் வெள்ளை எனாமல் மஞ்சளித்துவிடும். மூடிய கப்போர்டுக்குள் இருப்பது இருட்டுதான். வெளிர் சாம்பல் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. வெளிப்புறத்துக்குப் பட்டறையின் பழைய முகமே வேண்டுமென்றால், இந்தியத் தரநிர்ணய வண்ண அட்டையில் 632-ம் எண்ணான டார்க் அட்மிரல்டி கிரே கேட்டு வாங்கலாம். சுத்தியலால் தட்டியது போன்ற மேற்பரப்பு தரும் ஹேமர்டோன் பெயின்ட், சொட்டை விழுந்த கதவுக்கு வரப்பிரசாதம். பிரஷ் கோடு, சின்னச் சொட்டை, பட்டி வைத்த இடம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

எனாமலின் பலவீனமும் தெரிந்ததே. மிருதுவானது, கீறல் விழும், அடுப்புப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா போட்டுத் தேய்த்தால் மங்கும். ஆனால் கீறல் விழுந்த அன்று மாலையே ஒரு விரற்கடை பெயின்டால் மூடிவிடலாம். இரும்புச் சாமானைப் பல வருஷம் காப்பாற்றுவது இந்த வசதிதான் என்பது என் கணிப்பு.

கார் பெயின்டரிடம் கொடுப்பது

டிங்கர் சொட்டையைத் தட்டி எடுப்பார், பட்டி போட்டு நிரப்புவார், பிரைமர் சர்ஃபேசர் அடித்து நீரில் தேய்த்து, ஸ்ப்ரேயில் பியு (பாலியூரித்தேன்) பெயின்ட் ஏற்றுவார். ஷோரூம் வண்டி மாதிரி வந்து நிற்கும். சமையலறைக்கு இதுதான் முதல் தேர்வு. ஹார்டனர் கலந்து இறுகும் பெயின்ட் என்பதால் எண்ணெய்க்கும் சோப்புக்கும் எனாமலைவிட நன்றாக ஈடுகொடுக்கும்.

பேரம் பேசும்போது உள்பக்கமும் சேர்த்துத்தானா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வண்டிக்கு வெளியே மட்டும் அடித்துப் பழகியவர்கள், கப்போர்டின் உள்ளே ஒரு கோட் லேசாக ஊதிவிட்டு அனுப்புவது உண்டு. இன்னொன்று, ஏற்கெனவே எனாமல் அடித்த கப்போர்டின் மேல் காட்டமான தின்னர் கலந்த பெயின்ட் பட்டால் அடியில் உள்ளது சுருங்கி எழும்பிவிடும். வீட்டில் எனாமல் அடித்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் பெயின்டரிடம் கொடுப்போம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். அப்போது முழுவதும் உரித்தாக வேண்டும், அதற்கும் கூலி உண்டு.

வீட்டிலேயே சின்ன கம்ப்ரசர் வாங்கி பியு அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே பதில். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை, ஆஸ்துமாவைக் கிளப்பும். கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

பவுடர் கோட்டிங்

கீறல் தாங்குவதிலும் ஒரே சீரான பரப்பிலும் இதற்கு இணை இல்லை. நிலைமின்சாரம் ஏற்றிய தூளைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து உருக்கி இறுக்குகிறார்கள். 60 முதல் 80 மைக்ரான் கனம் வரும். வாங்கப்போகும் புது பீரோவிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அதனால் பழையதற்கும் இதையே செய்துவிடலாம் என்று மனம் தாவுகிறது.

சிக்கல் கப்போர்டின் உடம்பில் இருக்கிறது. புதிதாகச் செய்யும்போது தகடுகளைத் தனித்தனியே பூசிவிட்டு போல்ட் போட்டுச் சேர்க்க முடியும். பழைய பட்டறைக் கப்போர்டுகளில் பல, ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துச் சேர்த்தவை. பூசுவதற்கு முன் துருவையும் எண்ணெயையும் எடுக்க அமிலத் தொட்டியில் முக்குவார்கள். மடிப்புக்குள் போன அமிலம் கழுவினாலும் முழுதாக வெளியே வராது. சில மாதங்களில் இணைப்பின் ஓரமாகத் துருக் கோடு கசிந்து வரும். மூடிய பெட்டியின் உள்மூலைகளில் மின்புலம் சரியாகப் பாயாததால் தூளும் அங்கே மெல்லியதாகவே படியும். அதாவது, துரு எங்கே முதலில் பிடிக்குமோ அங்கேதான் பூச்சு குறைவாக இருக்கும்.

பட்டியும் உதவாது. சாதாரணப் பட்டி அந்தச் சூட்டில் கொப்பளிக்கும். சொட்டையைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும். தட்டி முடியாதது அப்படியே தெரியும், பளபளப்பான நிறமாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மணல் அடித்துப் பெயின்ட் எடுக்கலாம் என்று சொன்னால் தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தகடு மணல் வேகத்தில் நெளிந்துவிடும், கதவு அதன்பின் நேராகாது.

மறுபக்கம், போல்ட்டைக் கழற்றினால் பலகை பலகையாகப் பிரிகிற கப்போர்டோ, டிரில் பிட்டும் மரை வெட்டும் டேப்பும் போட்டுவைத்த பல டிராயர் கேபினட்டோ உங்களிடம் இருந்தால் யோசிக்காமல் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பலாம். டிராயர்கள் தினமும் உரசிக்கொண்டே இருப்பவை, எனாமல் அதற்குத் தாங்காது. ஆனால் அனுப்புமுன் டிராயர் ஓடும் தண்டவாளத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் பூச்சு ஏறினால் இறுக்கமான டிராயர் சிக்கும். உரசும் இடங்களில் டேப் ஒட்டி மறைக்கச் சொல்ல வேண்டும். பூட்டு, ரப்பர், பித்தளைப் பேர்ப்பட்டை எல்லாவற்றையும் நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கீலில் ஊறிய கிரீஸைச் சுத்தமாக எடுக்காவிட்டால் அடுப்பில் வழிந்து பூச்சைக் கெடுக்கும்.

விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். நம் கப்போர்டு ஒரு பக்கக் கணக்கில் 86 சதுர அடி, இருபக்கக் கணக்கில் 172. எந்தக் கணக்கு என்று கேட்காமல் தலையாட்டினால் பில் இரட்டிப்பாகும். போகவர குட்டியானை வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, அடுப்பின் உயரம் ஆறரை அடிக்கு இடம் கொடுக்குமா என்பதையும் போனிலேயே கேட்டுவிடலாம்.

எந்த இடத்துக்கு எது

புத்தகத்துக்குப் பட்டறைக் கப்போர்டைவிட நல்லது இல்லை. மூன்றடித் தட்டில் புத்தகம் நெருக்கி அடுக்கினால் 25 கிலோவைத் தாண்டும். பிளைவுட் தட்டு தொய்கிற எடை, இரும்புச் சாமானைத் தாங்கிய 20 கேஜ் தட்டுக்குப் பொருட்டே இல்லை. கரையான் ஏறாது என்பது இன்னொரு லாபம். எனாமல் போதும். கதவில் காற்றுப் பிளவு இருந்தால் அழகுக்காக அடைத்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது அதுதான்.

துணிக்கு எனாமலோ பியுவோ சரி. பிரச்சினை வாடை. மடிப்பிலும் தட்டின் அடியிலும் நிற்கும் கட்டிங் ஆயில்தான் அதற்குக் காரணம், மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் மடிப்புக்குள்ளிருந்து வரும். பெயின்டுக்கு முன்பே சூடான சோப்புத் தண்ணீரை மடிப்புகளில் ஊற்றி ஊற்றி எடுத்து, கதவைத் திறந்துபோட்டு நல்ல வெயிலில் சில நாள் வைக்க வேண்டும்.

சமையலறையில் பியு அல்லது, பிரிக்க முடிந்தால், பவுடர் கோட்டிங். உப்புச் சாடியும் புளிப் பானையும் தட்டில் நேரடியாக உட்காரக் கூடாது, எந்தப் பூச்சாக இருந்தாலும். ஒரு தாம்பாளத்தின் மேல் வைத்துவிட்டால் தீர்ந்தது. மில் தொழிலாளர் லாக்கர்கள் கிடைத்தால் வாசலில் செருப்புக்கு வைக்கலாம், ஆறு அறை இருந்தால் ஆளுக்கு ஒன்று. மழையில் நனைந்த செருப்பு உள்ளே போகும் என்பதால் அடித்தட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோட் கொடுங்கள். பெரிய லாக்கரிலும் ஆளுயரக் கப்போர்டிலும், கதவு சாத்தினால் வெளியிலிருந்து தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் கொண்டி இருந்தால் கழற்றி எறியுங்கள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் உள்ள வீடு.

டிராயர் கேபினட் எதுவானாலும் சுவரோடு கட்ட வேண்டும். இரண்டு மூன்று டிராயரை ஒரே நேரத்தில் இழுத்தால், அதுவும் கீழே குழந்தை ஏறி நின்றால், எடை முன்னால் வந்து மொத்தமும் கவிழும். மர டிராயர் அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால்தான் இகியா நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. இரும்பு அதைவிடக் கனம். மேல் மூலைகளில் இரண்டு எல் பட்டை, சுவரில் ராவல் பிளக் அல்லது ஆங்கர் போல்ட். கனத்த சாமானெல்லாம் கீழ் டிராயரில்.

சுவரில் துளை போடுமுன் மட்டம் பார்த்துவிடுங்கள். பட்டறையில் ஒழுங்காகச் சாத்திய கதவு வீட்டில் உரசினால் கீல் கெட்டுவிட்டது என்று தட்ட ஆரம்பிக்க வேண்டாம். டைல்ஸ் தரையின் வாட்டத்தால் ஒரு கால் தூக்கி நிற்கும், உடம்பு லேசாகத் திருகும், கதவு உரசும். தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள். அப்போதும் உரசினால் கீலைப் பார்க்கலாம்.